நாலாவது மூடி

ஜனவரி 6, திங்கள்

ஊதினேன். பூஜ்யம்.

புது டைரிக்கு இதைவிட நல்ல முதல் வரி எனக்குக் கிடைக்கவில்லை. காலையில் ஷெட்டில் வண்டிச் சாவி வாங்கும் முன் முதலாளி ஜெயசீலன் ஒரு மெஷினை என் வாய்க்கு நேரே நீட்டுவார். ஊத வேண்டும். பூஜ்யம் காட்டினால் சாவி. மற்ற டிரைவர்களுக்கு எப்போதாவது. எனக்கு மட்டும் தினமும். எட்டு மாதமாக ஊதுகிறேன். இதே ஊதலை நாதஸ்வரத்தில் ஊதியிருந்தால் இந்நேரம் விருத்தாசலத்தில் நான் இல்லாமல் ஒரு கல்யாணம் நடந்திருக்காது.

குடியை விட்டு பதினான்கு மாதம். விட்டவனுக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள்: டேங்கர் லாரியில் இருபத்தொன்பதாயிரம் லிட்டர் ஆல்கஹால் ஏற்றிப் போவது. கடைச் சரக்கு இல்லை, எத்தனால். கரும்பு மில்லில் சர்க்கரை எடுத்தது போக மிஞ்சுகிற கறுப்புப் பாகைப் புளிக்கவைத்து, காய்ச்சி, கடைசிச் சொட்டுத் தண்ணீரையும் நீக்கி எடுப்பது. குடிக்கக் கூடாதென்று ஏதோ மருந்தும் கலக்கிறார்கள். மில்லில் ஏற்றி, திருச்சி பக்கத்து எண்ணெய் டிப்போவில் இறக்குவேன். அங்கே பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்காகக் கலப்பார்கள். பெயர் எதுவானாலும் வாசனை ஒன்றுதான்.

டைரி அனுப்பியது மகள் அம்பு. முழுப்பெயர் அம்புஜவல்லி. நான் பூவராகன். ஸ்ரீமுஷ்ணத்துத் தாயாரும் பெருமாளும் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பெயர். அம்பு சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கி எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கிறாள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கடந்து அவள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றால் அம்மா போவாள்.

"தினமும் ஒரு வரியாவது எழுதணுமாம். பொய் எழுதக் கூடாதாம்" என்று சொல்லி மேகலா டைரியை என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஜனவரி 7, செவ்வாய்

ஊதினேன். பூஜ்யம். டிப்போவில் வரிசை நீளம். இறக்கிய பிறகு ஏணியில் ஏறி நாலாவது மூடி சரியா என்று பார்த்தேன். சரி.

ஜனவரி 8, புதன்

அம்பு போன் செய்தாள். என் போனுக்கு. டீயில் நனைத்த பிஸ்கட் அப்படியே உள்ளே விழுந்தது.

"அப்பா, எங்க டிபார்ட்மெண்ட்ல ஒரு கருத்தரங்கு. பெட்ரோலுக்கு மாத்தா எத்தனால். ஃபீல்டுல வேலை செய்யற ஒருத்தர் பத்து நிமிஷம் பேசணும். பிப்ரவரி பதிமூணு. நீங்க வர்றீங்களா?"

"நானா? நான் என்னா பேசறது?"

"தினம் நீங்க பாக்கறதைப் பேசுங்க. மேடத்துக்கிட்ட உங்க பேரைக் குடுத்துட்டேன்."

வைத்துவிட்டாள். பிஸ்கட்டை ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டேன். அப்படி ஒரு ருசி.

ஜனவரி 10, வெள்ளி

மார்கழி மூட்டம். மில்லிலிருந்து கிளம்பும்போது ரோடே இல்லை. லைட் விழுகிற இருபதடி மட்டும் உலகம், மற்றதெல்லாம் பால். இரண்டு பக்கமும் கரும்பு. அது நிற்கிறதா, கூடவே நடக்கிறதா என்று தெரியவில்லை. கரும்பெல்லாம் எழுந்து ரோட்டுக்கு வந்து, "நாங்களும் வர்றோம்" என்று வண்டிக்குப் பின்னால் வரிசை கட்டுவதாக ஒரு நினைப்பு. யோசித்தால் அதுவும் பொய்யில்லை. முதுகுக்குப் பின்னால் டேங்கில் இருப்பது கரும்புதானே. நடக்கத் தெரியாத பயிர், முந்நூறு நாள் ஒரே இடத்தில் நின்றுவிட்டு, கடைசியில் எவனோ ஒருவனின் மோட்டார் பைக்கில் ஏறி மதுரைக்குப் போகிறது.

இதைப் பேசலாமா? அம்பு சிரிப்பாளா? சிரித்தால் நல்லது.

இறக்கினேன். மேலே ஏறினேன். மூடி சரி.

ஜனவரி 12, ஞாயிறு

பிளஸ் டூவில் வேதியியலில் நான் வாங்கியது முப்பத்தொன்று. அந்த வாத்தியார் இன்று உயிரோடிருந்தால், என்னை நம்பி இவ்வளவு வேதியியலை ரோட்டில் அனுப்புகிறார்கள் என்று கேட்டே போய்ச் சேர்ந்திருப்பார்.

அம்பு வாட்ஸ்அப்பில் நாலு பக்கம் அனுப்பியிருக்கிறாள். படித்து எனக்குப் புரிந்தது:

நம் வண்டிகள் குடிக்கிற எண்ணெயில் பெரும்பங்கு கப்பலில் வருகிறது. கடலுக்கு அந்தப் பக்கம் எவனோ இரண்டு பேர் முறைத்துக்கொண்டால் உளுந்தூர்பேட்டையில் தக்காளி விலை ஏறும். எத்தனாலுக்குக் கப்பல் வேண்டாம். கரும்புப் பாகு, சாப்பிட உதவாத நொய், மக்காச்சோளம் எல்லாமே ஆகும். கரும்பு வெட்டினவனுக்குப் பணம் சீக்கிரம் கைக்கு வரும். வண்டிப் புகையில் விஷம் கொஞ்சம் குறையும். எரியும்போது வருகிற கரியும் கரும்பு வளரும்போது காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான். எடுத்த கடனைத் திருப்புகிற மாதிரி. பூமிக்கு அடியில் தூங்குகிற எண்ணெய் அப்படியில்லை, அது தோண்டி எழுப்பினது.

எத்தனால் 87 டிகிரியில் கொதிக்கும். தண்ணீரோடு சேர்ந்துவிட்டால் பிரிப்பது கஷ்டம். அதனால் டேங்கில் தண்ணீர் படவே கூடாது.

மறுபக்கம்: கரும்பு தண்ணீரை உறிஞ்சித் தீர்க்கும். சோற்றுக்கான நிலத்தை வண்டிக்குக் கொடுக்கலாமா? அம்பு அடியில் எழுதியிருக்கிறாள்: "வைக்கோல், சக்கை, சோளத்தட்டையிலிருந்து எடுக்கிற வழி வளரணும். அதுவரைக்கும் இது பாதி வழக்குதான். ஆனா பாதி வழக்குக்கும் ஒரு வக்கீல் வேணும்."

வக்கீலின் அப்பா நான்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

மேகலா காலையிலேயே பொங்கல் வைத்து, டிபன் கேரியரில் அடைத்து, சிதம்பரம் பஸ் ஏறிவிட்டாள். வாசலில் கட்டின கரும்பும் நானும் மிச்சம்.

ஒரு துண்டு வெட்டிக் கடித்தேன். வெயில் முகத்தில் அடித்தது. இந்த இனிப்பு போன வருஷத்து வெயில்தானே என்று தோன்றியது. கரும்பு நாள் பூரா நின்று வெயிலைக் குடித்து உள்ளே சேர்த்து வைத்திருக்கிறது. கடித்தால் சர்க்கரை. காய்ச்சினால் எரிபொருள். வேறு விதமாகக் காய்ச்சினால் நான்.

சக்கையைத் துப்பிவிட்டு உள்ளே வந்து படுத்தேன். சாயங்காலம் மேகலா காலி கேரியரோடு வந்தாள்.

"சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா. 'அப்பா பேச என்னா எழுதியிருக்காரு'ன்னு கேட்டா."

"நீ என்னா சொன்ன?"

"கரும்பு நடந்து போவுதுன்னு எழுதியிருக்காருன்னேன்."

"அதை ஏன்டி சொன்ன?"

"சிரிச்சா."

ஜனவரி 16, வியாழன்

ஊதினேன். பூஜ்யம். மேலே ஏறினேன். மூடி சரி.

ஜனவரி 18, சனி

டிப்போ எதிர் டீக்கடையில் சவரிமுத்துவோடு சண்டை. அவனும் எங்கள் ஷெட் டிரைவர்தான், டீசல் வண்டி ஓட்டுகிறான். கருத்தரங்கு விஷயத்தை நான்தான் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"யோவ், நீ எத்தனாலுக்குப் பேசப் போறியா? என் பைக்கு பதினஞ்சு வருஷத்துப் பைக்கு. ரப்பர் டியூபெல்லாம் ஊறிப் போவுது. மைலேஜும் குறையுது. அதுக்கு உன் பொண்ணு என்னா சொல்லும்?"

"குறையத்தான் செய்யும். எத்தனால்ல பெட்ரோல் அளவுக்குச் சூடு இல்ல. புது வண்டிக்கெல்லாம் அதுக்குத் தகுந்த ரப்பர் போட்டு வருதாம். பழைய வண்டிக்காரனுக்கு வேற வழி வைக்கணும்னு அவளே எழுதியிருக்கா."

"ஓ, அவளே எழுதிட்டாளா? சரிய்யா. ஒரு சந்தேகம். உன்னைப் பேசக் கூப்பிட்டது எத்தனாலைப் பத்தி அனுபவம் இருக்குன்னா? எந்த அனுபவத்தைச் சொல்ற?"

கடையே சிரித்தது. நானும்தான். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வண்டிக்கு வந்தேன். நல்ல ஆள் சவரிமுத்து. குடியை விட நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மேகலாவுக்குப் பதினொரு நாள் சாப்பாடு கொண்டுவந்தது அவன் பெண்டாட்டிதான்.

ஜனவரி 20, திங்கள்

மூடி சரி.

ஜனவரி 23, வியாழன்

விடியற்காலையில் கனவு. பழையபடி பால் வண்டி ஓட்டுகிறேன். எத்தனால் வண்டிக்கு முன்னால் பதினேழு வருடம் பால் டேங்கர் ஓட்டினவன் நான். கனவில் ரோடெல்லாம் மாடு. ஒவ்வொரு மாட்டின் முதுகிலும் பெட்ரோல் ஊற்றுகிற மூடி. நான் இறங்கி ஒவ்வொரு மூடியாகத் திறந்து கரும்புச்சாறு ஊற்றுகிறேன். மாடுகள் சத்தமே இல்லாமல், புகையே இல்லாமல் வரிசையாக மேகத்துக்குள் போகின்றன. கடைசி மாட்டின் மேல் அம்பு உட்கார்ந்திருக்கிறாள், ஆறு வயது. "ஸ்பீடு பிரேக்கர்ல மெதுவாப்பா, வெண்ணெ தெரண்டுடும்" என்கிறாள்.

சின்ன வயதில் அவளை வண்டியில் ஏற்றிப் போவேன். பால் வண்டிக்காரன் மேட்டில் குதிக்கவிட மாட்டான். முன் சக்கரம் ஏறி இறங்கியதும் தெரியக் கூடாது, பின் சக்கரம் ஏறி இறங்கியதும் தெரியக் கூடாது. அவள் தூங்கிவிடுவாள். அந்த வேலை போனது தனிக் கதை.

ஜனவரி 24, வெள்ளி

இன்று டிப்போவில் இறக்க நேரமாகிவிட்டது. மூடி சரி. கொஞ்ச நேரம் மேலேயே உட்கார்ந்திருந்தேன். காற்று நன்றாக இருந்தது.

ஜனவரி 26, ஞாயிறு

மில் லீவு. வண்டி கழுவினேன்.

ஜனவரி 28, செவ்வாய்

நேற்று மில்லில் ஏற்றினேன். இன்று டிப்போவில் லோடைத் திருப்பிவிட்டார்கள்.

நடந்தது இது. வண்டி உள்ளே போனதும் மில்லில் வைத்த சீலை உடைத்து, நாலு சேம்பரிலும் பாட்டிலில் சாம்பிள் எடுத்து லேபுக்குக் கொண்டுபோவார்கள். டேங்க் வெளியே பார்க்க ஒன்றுதான், உள்ளே நாலு அறை, மேலே நாலு மூடி. முதல் மூன்றும் சரி. லேப் மேடம் வெளியே வந்து நாலாவது பாட்டிலைக் காட்டினார்.

"டிரைவர், இதுல தண்ணி அளவுக்கு மேல இருக்கு."

"மேடம், சீல் எல்லாம் சரியாத்தான இருந்துது?"

"சீல் சரிதான். தண்ணி எப்படி வந்துதுன்னு நீங்கதான் சொல்லணும்."

ஏழாயிரம் லிட்டர் சேம்பரில் இரண்டு குடம் தண்ணீர் இருந்தால் போதும், லோடு போச்சு. திரும்பி வரும் வழியெல்லாம் பின்னால் யாரும் இறக்கிக்கொள்ளாத கரும்பு ஊர்வலம்.

ஜனவரி 29, புதன்

ஊதினேன். பூஜ்யம். ஆனாலும் சாவி தரவில்லை.

ஜெயசீலன் நல்ல மனிதர். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"எவ்வளவு எடுத்த?"

"எடுக்கல முதலாளி."

"எடுத்துட்டுத் தண்ணி ஊத்தி அளவு சரிகட்டறது இந்தத் தொழில்ல புதுசு இல்ல பூவராகன். சீலை உடைக்காம எடுக்கறவனையும் நான் பாத்திருக்கேன். உன்னை வேலைக்கு வச்சப்ப எத்தனை பேர் சிரிச்சான் தெரியுமா? பூனையைப் பால் வண்டில ஏத்தறியேன்னான்."

"பால் வண்டில நான் பதினேழு வருஷம்..."

"போ. வீட்டுல இரு. வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடு, தண்ணி எப்படி வந்துதுன்னு."

வீட்டுக்கு வந்து மேகலாவிடம் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் எதிரே உட்கார்ந்து ஆய்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அருகே குனிந்து என் சட்டையில் ஒட்டின இலையை எடுத்தாள். இலையை எடுக்க அவ்வளவு குனிய வேண்டியதில்லை. மூச்சை இழுத்துப் பார்த்தாள். பார்க்கட்டும்.

ஜனவரி 31, வெள்ளி

எழுதிக் கொடுத்துவிட்டேன். டைரி எழுதிப் பழகினதால் கை ஓடுகிறது.

"ஐயா, நான் முன்பு பால் வண்டி ஓட்டியவன். பால் இறக்கியதும் டேங்கைத் தண்ணீர் விட்டு அலசாமல் வண்டியை நிறுத்த எனக்குக் கை வராது. அந்தப் பழக்க தோஷத்தில் ஞாயிற்றுக்கிழமை டேங்கை அலசினேன். எத்தனால் டேங்கில் தண்ணீர் படக் கூடாது என்பது மறந்துபோயிற்று. சர்வீஸ் ஸ்டேஷனில் வண்டி சரிவில் நின்றதால் அடியிலும் குழாயிலும் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிட்டது. மில்லில் டார்ச் அடித்துப் பார்த்தவர் கண்ணுக்கும் அது தெரியவில்லை. மன்னிக்கவும்."

ஜெயசீலன் இரண்டு முறை படித்தார். பிறகு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"பால் வண்டிக்காரா! நல்லவேளை, சாம்பிராணி போடாம விட்டியே." திங்கட்கிழமை முதல் வண்டி எடுக்கச் சொன்னார். சவரிமுத்து விஷயம் கேட்டு, "உன் வண்டிக்குத் தயிர் உறை ஊத்திட்டியா?" என்று ஷெட்டெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

அந்தப் பால் வண்டிக் கதையையும் எழுதிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலை, ஒன்பதரை மணி. அம்பு டிகிரி கடைசி வருடம் படித்த கல்லூரி வாசல். வளைவில் திருப்ப மறந்து நேரே பள்ளத்தில் விட்டேன். யாருக்கும் அடியில்லை. டேங்க் சாய்ந்து மூடி திறந்து ரோடெல்லாம் பால். அவ்வளவு வெள்ளையாக ஒரு ரோட்டை நான் பார்த்ததில்லை. வெயிலில் மின்னியது. நாய்கள் வந்தன. பெண்கள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துத் தாண்டினார்கள். என் செருப்பு ஒன்று பாலில் மிதந்து போனது. பஸ்ஸை விட்டு இறங்கின அம்பு அதை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்தாள். வாடை அவளுக்கு அடித்திருக்கும். கல்லூரிக்குள் போகாமல் அடுத்த பஸ் ஏறிப் போனாள்.

அதற்குப் பிறகும் பத்து மாதம் குடித்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் கதை எனக்குச் சாதகமாகப் போய்விடும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

அம்பு போன். அம்மா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

"அப்பா, பால் வண்டியில எத்தனை சேம்பர்?"

"ரெண்டு."

"ரெண்டையும் கழுவுவீங்களா, ஒண்ணை மட்டுமா?"

"ரெண்டையும்தான். ஒண்ணை விட்டாலும் மறுநாள் பால் திரிஞ்சுடுமே."

"அப்ப பழக்க தோஷம்னா நாலையும்தான கழுவியிருப்பீங்க? நாலாவதை மட்டும் ஏன் கழுவினீங்க?"

மேகலா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பது நின்றது.

"காலைல ஊதினேம்மா. அன்னைக்கும் பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம்."

"மெஷின் சொல்றதை நான் கேக்கல. டைரில அன்னைக்கு என்ன எழுதியிருக்கீங்க?"

"வண்டி கழுவினேன்னு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"சரிப்பா. பதிமூணாம் தேதிக்கு வேற யாராவது கிடைப்பாங்களான்னு பாக்கறேன்."

லேப் மேடம் பாட்டிலைக் குலுக்கினார். மெஷினில் போட்டுப் பார்த்தார். இவள் போனிலேயே பார்த்துவிட்டாள்.

பிப்ரவரி 3, திங்கள்

ஊதினேன். பூஜ்யம்.

பிப்ரவரி 5, புதன்

மூடி சரியா என்று பார்க்க ஏறினேன் என்று இந்த டைரியில் ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறேன். ஐந்து தடவையும் மூடி சரியாகத்தான் இருந்தது. எழுதாமல் ஏறினது எத்தனை என்று எனக்கே தெரியாது.

ஏணி வண்டிக்குப் பின்னால் இருக்கிறது. ஏறினதும் கைக்கு எட்டுவது நாலாவது மூடி. அதனால் அது. வேறு ராசி ஒன்றும் இல்லை. லோடு இறக்கிய பிறகு காலி டேங்கில் வாசனை மட்டும் இருக்கும். மூடியை ஒரு விரல் அளவு தூக்கிவிட்டு உட்கார்ந்திருப்பேன். முதலில் ஒரு நிமிடம். அப்புறம் ஐந்து. கீழே ரோட்டில் வண்டிகள் மீன் மாதிரி போகும். வானம் பக்கத்தில் வரும். எனக்கு எந்தக் கஷ்டமும் இல்லாத மாதிரி, அம்பு வீட்டில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். அது அவ்வளவு அழகாக இருந்ததுதான் பயம்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி சர்வீஸ் ஸ்டேஷனில். ஆள் யாருமில்லை. நாலாவது சேம்பரின் வால்வுக்கு அடியில் என் டீ டம்ளரைப் பிடித்தேன். காலி டேங்க் என்றாலும் குழாயில் கொஞ்சம் நிற்கும். சொட்டுச் சொட்டாக அரை டம்ளர் வந்தது. அதில் மருந்து கலந்திருப்பது எனக்குத் தெரியும். கண் போகும், உயிர் போகும் என்று தெரியும். டம்ளரைப் பிடித்திருந்த கைக்குத் தெரியவில்லை.

எவ்வளவு நேரம் பிடித்திருந்தேன் என்று சொல்ல முடியவில்லை. ஒரு ரயில் போனது. கடைசிப் பெட்டி போகும்வரை பார்த்தேன். பிறகு டம்ளரைத் தரையில் கவிழ்த்தேன். நனைந்த இடம் கண் எதிரே காய்ந்து போனது. தரை குடித்ததா, காற்று குடித்ததா தெரியாது. நான் குடிக்கவில்லை.

உடனே ஹோஸை எடுத்து மேலே ஏறி நாலாவது சேம்பருக்குள் விட்டேன். வாசனை போகிறவரை விட்டேன். தண்ணீர் படக் கூடாது என்பது மறக்கவில்லை. நன்றாக ஞாபகம் இருந்தது. படட்டும் என்றுதான் விட்டேன்.

முதலாளிக்கு எழுதிக் கொடுத்தது பொய். பொய் எழுதக் கூடாது என்று சொல்லித்தான் இந்த டைரி வந்தது.

நாளை மேகலா சிதம்பரம் போகிறாள். கேரியர் பையில் இதையும் வைக்கச் சொல்லப்போகிறேன். அப்புறம் ஷெட்டுக்குப் போய் ஜெயசீலனிடமும் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

டைரி திரும்பி வந்தது. ஐந்து நாள் எழுதாமல் கை அரித்தது.

ஜெயசீலனிடம் ஆறாம் தேதியே சொல்லிவிட்டேன். "ஏணிக்குப் பூட்டு போட்டுடறேன். சாவி என்கிட்ட இருக்கும். டிப்போக்காரன் திறக்கணும்னா எனக்குப் போன் பண்ணட்டும்" என்றார். வேலை போகவில்லை. "பால் வண்டிக் கதையே நல்லாருந்துதுய்யா" என்றும் சொன்னார், வருத்தமாக.

வந்ததும் டைரியை முன்னும் பின்னும் புரட்டினேன். ஐந்தாம் தேதிப் பக்கத்தில் ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. ஜனவரி பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தில் மட்டும் "87 டிகிரி" என்று நான் எழுதியதை பென்சிலால் அடித்து "78" என்று போட்டிருக்கிறாள்.

கடைசியில், இன்றைய பக்கத்தின் தலையில், அதே பென்சில்: "13ஆம் தேதி காலை பத்து மணி. வெள்ளைச் சட்டை போட்டுக்கோங்க. கரும்பு நடக்கறதையும் சொல்லுங்க."

முப்பத்தொன்றுக்கே சந்தோஷப்பட்டவன் நான். இந்தப் பென்சில் திருத்தத்துக்கு எத்தனை மார்க் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

ஊதினேன். பூஜ்யம். பிள்ளைகள் பார்க்கட்டும் என்று ஜெயசீலன் காலி வண்டியோடு அனுப்பினார். ஏணிச் சாவியையும் கையில் கொடுத்தார். "இன்னைக்கு ஒரு நாள்" என்றார்.

ஹாலில் நூறு பேர் இருப்பார்கள். மைக்கைப் பிடித்ததும் வாய் தானாக ஊதப் போனது, பழக்க தோஷம். அம்பு ஓரத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தாள்.

கரும்பு மதுரைக்குப் போகிறதைச் சொன்னேன். சிரித்தார்கள். கப்பல், நொய், சவரிமுத்து பைக்கின் ரப்பர் டியூப் எல்லாம் சொன்னேன். ரோட்டில் போகும்போது ஆலைக்காரன் பணம் வந்த வாரம் எது, வராத வாரம் எது என்று டீக்கடைக் கூட்டத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்றேன். அதை ஒரு மேடம் எழுதிக்கொண்டார். என் வாயிலிருந்து வந்ததை ஒருவர் எழுதிக்கொண்டது போலீஸ் ஸ்டேஷனுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

கேள்வி நேரம். பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"சார், தினம் அவ்வளவு ஆல்கஹாலோட போறீங்க. ஆசை வராதா?"

ஹால் பூராவும் கொல்லென்று சிரிப்பு. அம்புவின் கை லேப்டாப் மேல் அப்படியே நின்றது.

"வரும்" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது.

"எந்தச் சாமானா இருந்தாலும் அதுக்குன்னு ஒரு எஞ்சின் இருக்குப்பா. இதை வண்டில ஊத்தினா ஊரே நகரும். இன்னொரு எஞ்சின்ல ஊத்திப் பாத்தாங்க. பள்ளத்துல போய் விழுந்துது. அந்த எஞ்சின் நான்தான். ரிப்பேர் பண்ணி ஓடிக்கிட்டிருக்கேன். அதனாலதான் சொல்றேன், இதை எங்க ஊத்தணுமோ அங்க ஊத்தறதுக்கு வழி பண்ணுங்க. படிச்சவங்க நீங்க."

யாரோ கை தட்டினார்கள். எனக்கு அம்புவைப் பார்க்கத் தைரியமில்லை. திரையில் அடுத்த படம் வந்தது. கரும்புக் காடு, மூட்டத்தில். எங்கிருந்து எடுத்தாளோ, ஜனவரி பத்தாம் தேதி நான் பார்த்த அதே காலை.

முடிந்ததும் வண்டிக்கு வந்தாள். தோளில் பை இருந்தது. மாணவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும்வரை மரத்தடியில் நின்றாள்.

"ஏணியைத் திறங்க."

திறந்தேன். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினாள். நான் கீழே நின்றேன். நாலாவது மூடியைத் தூக்கி, முகத்தைக் கிட்டே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு மேலிருந்தே சொன்னாள்:

"சின்ன வயசுல, நீங்க தெரு முனை திரும்பறதுக்கு முன்னாடி இதுதான் வரும். நான் ஓடிப்போய்ப் படுத்து தூங்கற மாதிரி நடிப்பேன்."

நடித்தாள் என்பது இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. என்னைப் பார்க்காமல் தூங்குகிறதே பிள்ளை என்று அவள் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுக்கப் போவேன்.

மூடியை இறக்கினாள். திருகினாள். ஒரு தடவை அசைத்துப் பார்த்தாள். இன்னொரு தடவை அசைத்துப் பார்த்தாள். இறங்கி வந்து ஏணிப் பூட்டை அவளே பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"மூடி சரிப்பா."

சுற்றி வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். "அம்மாகிட்ட சொல்லிட்டேன். சோறு வைக்கச் சொல்லியிருக்கேன்" என்றாள். கதவைச் சாத்தினாள். நான் இந்தப் பக்கம் ஏற நேரம் பிடித்தது, படி கண்ணுக்குத் தெரியவில்லை.

சேத்தியாத்தோப்பு தாண்டும்போது இரண்டு பக்கமும் வெட்டின கரும்புக் காடு. பாதி வெறும் தரை, பாதி புதுக்குருத்து. வெயில் சாய்ந்து எல்லாம் பொன்னாக இருந்தது. அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்தாள்.

"தூங்கட்டுமா? நீ பாத்து ஓட்டுப்பா."

விருத்தாசலம் வரைக்கும் பதினாறு ஸ்பீடு பிரேக்கர். வண்டி காலி. பின்னால் வாசனையைத் தவிர ஒன்றுமில்லை. ஆனாலும் ஒவ்வொன்றிலும் முன் சக்கரம் ஏறி இறங்கியதும் தெரியாமல், பின் சக்கரம் ஏறி இறங்கியதும் தெரியாமல் ஓட்டினேன். இந்தத் தடவை அவள் நடிக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது.